நின்ற வண்டியும் நின்ற லைன்தான்

கார் நிறுவனங்களின் சர்வீஸ், உதிரிபாகப் பிரிவுகளை நடத்துகிறவர்களுக்கும், அவர்களுடைய பணிமனைகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரகடத்திலிருந்து ஒரு திறந்த மடல்



என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் என் கை பட்ட ஏதோ ஒன்று உங்கள் வண்டிகளுக்குள் இருக்கிறது. ஒரகடம் சிப்காட்டில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் வார்த்துத் தரும் வெண்டர் கம்பெனி ஒன்றில் 14 வருடமாகத் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்களுக்கு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்துகளில் பல என்னுடையவை.

உங்கள் அசெம்பிளி லைன் நிற்கப் போகிறது என்று போன் வந்தால் எங்கள் கம்பெனியில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை கழுவாமல் எழுந்து ஓடுவார். பிளான்ட் ஹெட் வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், பாகம் ஏற்றிய எங்கள் லாரி சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் சிக்கிக்கொண்டது. எங்கள் பையன்கள் இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், இரண்டு பெட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டூவீலரின் பின்சீட்டில் கட்டி, உங்கள் கேட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். லைன் நிற்கவில்லை. மறுநாள் யாரும் அதைப் பெரிதாகப் பேசவும் இல்லை. லைன் நின்றால் நிமிடக் கணக்கில் நஷ்டம், டெபிட் நோட் எங்கள் தலையில் விழும், டெலிவரி ரேட்டிங் சரியும். இதெல்லாம் எங்களுக்குப் பாடமாகியிருக்கிறது.

அந்த அவசரத்தை நான் குறை சொல்லவில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. பிறகு லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், டயர்கள் என்று வல்லம் வடகால் வரைக்கும் கம்பெனிகள் வந்து நிறைந்தன. நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த மண்ணில் இத்தனை ஆயிரம் பேருக்குச் சம்பளம் வந்தது. லைனை நிற்க விடாமல் ஓடுகிற அந்த ஓட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கத் துணிகிறேன்.

கடந்த மார்ச் கடைசி வாரம் என் கார் நின்றது.

மார்ச் கடைசி வாரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருடக் கடைசி டிஸ்பாட்ச். எங்களுக்கு வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட் வேறு. புதன்கிழமை அப்பாவுக்குத் தாம்பரத்தில் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம். ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்கிய நாள் அது. திங்கட்கிழமை ஏ ஷிஃப்டுக்காக விடியுமுன் படப்பையிலிருந்து கிளம்பினேன். சேரப்பனஞ்சேரியை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைத்தேன். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும், ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் எத்தனை பேர் "கம்பெனி வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டி என்ஜினையே இழந்திருப்பார்கள்!

படப்பை மெக்கானிக் எட்டு மணிக்கு வந்தார். சாலையோரம் தகர ஷெட்டில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறவர். என்ஜின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. ஆறியதும் தண்ணீர் ஊற்றி, விரலால் தடவித் தடவிப் பார்த்து, கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார். "வேற ஒண்ணும் இல்லம்மா. தெர்மோஸ்டாட் ஹவுசிங் விட்டிருக்கு. ஒரிஜினல் கிடைச்சா ஒரு மணி நேர வேலை."

விரிசலை நானும் பார்த்தேன். அது கண்ணாடி நார் கலந்த நைலானில் வார்த்த பாகம். ஒன்பது வருடம் சூடும் குளிருமாக மாறி மாறிப் பட்டு, உருகிய பிளாஸ்டிக்கின் இரண்டு ஓட்டங்கள் அச்சுக்குள் வந்து சேரும் கோட்டில், எங்கே விடும் என்று நாங்கள் எப்போதும் பயப்படுவோமோ அங்கேயே விட்டிருந்தது. அந்தப் பாகத்தை வார்த்தது எங்கள் கம்பெனி இல்லை. ஆனால் அதன் உடன்பிறப்புகளை நான் தினமும் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட ஒரு பாகம் எங்கள் மெஷினிலிருந்து விழ ஆகும் நேரம் சுமார் 45 விநாடி.

45 விநாடியில் பிறக்கிற பாகத்துக்காக நான் ஆறு நாள் காத்திருந்தேன். அந்த ஆறு நாளில் எனக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் அது ஒரு ஜாப் கார்டு எண்ணாக மட்டும்தான் பதிவாகியிருக்கும்.

மெக்கானிக் முதலில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், தாம்பரம் என்று கடைகளுக்குப் போன் போட்டார். இல்லை. கடைசியில் என் காரைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் உதிரிபாகக் கவுன்டரைக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "தனியா தர மாட்டோம், வண்டியைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அந்தப் பணிமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒரு பணிமனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. அங்கே நடந்ததை இந்தப் படப்பை-ஒரகடம் சாலையில் வேறு வேறு வண்டி வைத்திருக்கிற என் சக ஊழியர்களும் வேறு வேறு பணிமனைகளில் அனுபவித்திருக்கிறார்கள். உங்களில் ஒவ்வொருவரும் இது நம்முடைய வாசலாக இருக்குமோ என்று யோசித்தால் போதும்.

ரெக்கவரி வண்டி வைத்துக் காரைக் கொண்டுபோய் விட்டேன். திங்கள் சாயங்காலம் ஜாப் கார்டு போட்டார்கள். "நாளைக்கு ஆயிடும் மேடம்." செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை போன் செய்தேன். "நாளைக்கு மேடம்." அந்த வார்த்தையை நம்பி புதன்கிழமை அப்பாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யாமல் இருந்தேன். விடிகாலையில் கால் டாக்சி கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஆட்டோவில் தாம்பரம் போனோம். திரும்பி வரும்போது கண்ணில் கட்டோடு எழுபத்திரண்டு வயது மனிதர் ஒவ்வொரு பள்ளத்திலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை முனகவில்லை. அவர் முனகியிருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

அன்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. பாகம் கையிருப்பில் இல்லை. அதை ஆர்டர் போட்டதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமையே "பாகம் இல்லை, வெள்ளிக்கிழமை வரும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால், அப்பாவுக்கு ஒரு கார் அமர்த்தியிருப்பேன். எனக்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருப்பேன். கோபமே பட்டிருக்க மாட்டேன். பாகம் இல்லாதது குற்றமே இல்லை. எங்கள் கம்பெனியிலும் சில நாள் மூலப்பொருள் இருக்காது. ஆனால் இல்லை என்பதை முதல் மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்லிவிடுவோம். சொல்லாமல் மறைத்தால் அடுத்த ஆடிட்டில் எங்களை என்ன செய்வீர்கள்? எங்களிடம் நீங்கள் எதிர்பார்க்கிற அந்த நேர்மையை எங்களுக்கும் தாருங்கள்.

அதே சாயங்காலம் எஸ்டிமேட்டில் ரேடியேட்டர் ஃப்ளஷ், எல்லா ஹோஸும், ஃபேன் பெல்ட் எல்லாம் ஏறியிருந்தது. எது இப்போதே மாற்ற வேண்டியது, எது பொறுக்கலாம் என்று கேட்டேன். "வீட்டுல சாரைப் பேசச் சொல்லுங்க மேடம், அவருக்குப் புரியும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வண்டிக்குத் தவணை கட்டியவள் நான். அந்தப் பாகம் ஏன் விட்டது என்று அந்தப் பணிமனையில் இருந்த எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சாலையின் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். உங்கள் வண்டிகளின் ஒயரிங்கைக் கட்டுகிறவர்கள், சீட் தைக்கிறவர்கள், என்னைப் போல் பாகத்தைச் சோதிக்கிறவர்கள் எல்லோரும் அதில் உண்டு. சாவியைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறவரிடம் பேசுங்கள். புரியும்படி பேசுவது உங்கள் வேலை. புரியுமா என்று முன்கூட்டியே முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை பாகம் வந்தது. சனிக்கிழமை மதியம் வண்டி கிடைத்தது. பாகத்தின் விலை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. அந்த ஆறு நாளில் ரெக்கவரி வண்டிக்கும் ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் நான் கொடுத்தது அதைப்போல் ஏழு மடங்கு. வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்ப எனக்காகத் தன் வீட்டைத் தாண்டி வந்து விட்டுப்போன தோழியின் தூக்கத்துக்கு நான் விலை போடவில்லை.

என்னுடையது சம்பளக்காரியின் கஷ்டம். வண்டியே பிழைப்பு என்றிருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் மஞ்சள் போர்டு வண்டிக்காரருக்கு, வண்டி நின்ற நாள் வருமானம் நின்ற நாள். தவணை மட்டும் நிற்காது. மூன்று நாள் வரவில்லை என்றால் டிராவல்ஸ்காரர் வேறு வண்டியை அந்த ரூட்டில் போட்டுவிடுவார். வெண்டர் கம்பெனியிலிருந்து உங்கள் கேட்டுக்குப் பெட்டி ஏற்றிவரும் சின்ன வண்டிக்காரருக்கும் இதே கதை. அவர் வண்டி நின்றால், கடைசியில் உங்கள் லைனுக்கே பாகம் வராது. இந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகளும் உங்கள் லைனும் ஒரே கயிற்றின் இழைகள்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களை நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை.

"எல்லா மாடலுக்கும் எல்லாப் பாகத்தையும் கையிருப்பு வைக்க முடியாது" என்பீர்கள். உண்மை. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். எல்லாவற்றையும் கேட்க நான் விவரம் தெரியாதவள் இல்லை. ஆனால் எந்தப் பாகம் எத்தனை வருடத்தில் விடுகிறது என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. வாரண்டியில் திரும்பி வந்த ஒவ்வொரு பாகத்துக்கும் எங்களிடம் காரணம் கேட்டு, ஐந்து தடவை "ஏன்" என்று கேள்வி எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அந்தக் கோப்புகளை எழுதியவர்கள் நாங்கள். விட்டால் வண்டியை நிறுத்திவிடும் பாகங்கள் எவை என்று ஒரு பட்டியல் போட்டால், ஒரு மாடலுக்கு இரண்டு அலமாரிக்கு மேல் வராது. லைனுக்குப் போகும் பாகம் வேறு வழி, உதிரிபாகமாக விற்கும் பாகம் வேறு வழி என்பதும் எனக்குத் தெரியும். தனிப் பெட்டி, தனி லேபிள், தனிக் கிடங்கு. அதை மாற்றச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது வழிக்கும் முதல் வழியின் வேகத்தில் ஒரு பங்கு கொடுங்கள் என்கிறேன்.

"வெளி மெக்கானிக்கிடம் பாகம் கொடுத்தால் தவறாகப் பொருத்திவிடுவார், பாதுகாப்பு என்ன ஆவது" என்பீர்கள். பிரேக், ஏர்பேக் போன்றவற்றில் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் கதவைச் சாத்தினால் அவர் தொழிலை விட்டுவிடுவதில்லை. அவர் சென்னைப் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறுகிறார். கழற்றிப்போட்ட பழைய வண்டியின் பாகத்தை வாங்கி வருகிறார். அல்லது உங்கள் பெயரை அச்சிட்ட டூப்ளிகேட் பெட்டியை ஒரிஜினல் என்று நம்பி வாங்கி வருகிறார். போலிப் பாகத்துக்கு எதிராக நீங்கள் எவ்வளவு விளம்பரம் செய்தாலும், ஒரிஜினல் கிடைக்காத ஊரில் போலிதான் விற்கும். கவுன்டரைத் திறந்து வைப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு நடவடிக்கை வேறு இல்லை.

இது என் ஆசை மட்டும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் அந்த வழக்கின் மையம். பாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்க வழி செய்யுங்கள், அவற்றின் விலையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள், வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டி ரத்து என்று பொதுப்படையாக நிபந்தனை போடாதீர்கள் என்று ஆணையம் சொன்னது. மேல்முறையீடுகள் நடந்தன. சட்டத்தின் நுணுக்கங்களை வக்கீல்கள் பேசட்டும். ஆனால் ஆணையம் அன்று கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: காசு கொடுத்து வாங்கிய வண்டியை எங்கே பழுதுபார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்கள் வாக்குப்பெட்டியிலேயே இதற்குப் பதில் சொன்னார்கள். வாகனங்களைப் பழுதுபார்க்கும் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். நம் நாட்டிலும் மத்திய அரசு 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கென ஒரு இணையதளமும் தொடங்கியது. குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கட்டாயம் வருமுன் நீங்களாகச் செய்தால் அது மரியாதை. வந்தபின் செய்தால் அதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர்.

நீங்கள் நினைத்தால் முடியும் என்பதற்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருத்தெருவாகக் கார்கள் தண்ணீரில் நின்றன. அப்போது பல கார் நிறுவனங்கள் வெள்ளத்தில் சிக்கிய வண்டிகளுக்கென்று தனி ஏற்பாடுகளை அறிவித்தன. இழுத்துச் செல்ல வண்டி அனுப்பினார்கள், உதவி எண் கொடுத்தார்கள். நின்ற வண்டி என்றால் அதற்குள் ஒரு குடும்பத்தின் தவிப்பு இருக்கிறது என்பது அந்த வாரம் உங்களுக்குப் புரிந்திருந்தது. புயல் வந்தால் மட்டும் புரிய வேண்டுமா? சேரப்பனஞ்சேரியில் விடியுமுன் ஆவி பறக்க நிற்கிற ஒற்றை வண்டிக்குள்ளும் அதே தவிப்புதான் இருக்கிறது.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்களின் கதி என்ன என்று இந்தப் பகுதியே கலங்கியது. அந்த வண்டியை வைத்திருந்தவர்களின் முதல் கேள்வி என்னவாக இருந்தது? "இனி பாகம் கிடைக்குமா?" என்பதுதான். சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அந்த நிறுவனம் அறிவிப்பிலேயே உறுதி சொன்னது. விளம்பரத்தில் நீங்கள் காட்டுகிற கூரைக் கண்ணாடியும் பெரிய திரையும் வாங்குகிற நாள் வரைக்கும்தான். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் உங்களுக்கும் எங்களுக்கும் இருக்கிற உறவு, பாகம் கிடைக்குமா என்ற அந்த ஒரு கேள்விதான்.

ஆகவே, நான் கேட்பது இதுதான். நின்ற வண்டியை நின்ற லைனாக எண்ணுங்கள்.

வழக்கமான சர்வீஸுக்கு வரும் வண்டியும், ஓட முடியாமல் இழுத்து வரப்படும் வண்டியும் ஒரே வரிசையில் காத்திருக்க வேண்டாம். வந்த முதல் மணி நேரத்தில் எது விட்டிருக்கிறது, பாகம் எங்கே இருக்கிறது, என்றைக்கு வரும் என்று பார்த்து, அந்தத் தேதியை எழுதிக் கொடுங்கள். தேதி தள்ளிப்போனால் நாங்கள் கேட்பதற்கு முன் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். எதை இன்றே மாற்ற வேண்டும், எது அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கும் என்று எஸ்டிமேட்டில் இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தை எங்கள் கையில் கொடுங்கள்.

சேசிஸ் எண்ணோடு வருகிறவருக்கு, அவர் படப்பை ஷெட்காரராக இருந்தாலும், பாகத்தைக் கவுன்டரில் விற்றுவிடுங்கள். அன்று அந்தக் கவுன்டரில் பாகம் இருந்து, அவருக்கு அதைக் கொடுத்திருந்தால், திங்கட்கிழமை மதியமே என் வண்டி ஓடியிருக்கும். விலைப் பட்டியல் கவுன்டரில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

வண்டியை நிறுத்திவிடும் பாகங்களின் அந்தச் சிறிய பட்டியலை எடுத்து, இந்தப் பகுதிக்குள்ளேயே, ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ, ஒரு இருப்பு வையுங்கள். ஆலைகள் இங்கே, வெண்டர்கள் இங்கே. பாகம் மட்டும் ஏன் நாலு நாள் பயணம் செய்து இங்கே வர வேண்டும்?

கடைசியாக ஒன்று. இங்கே நாங்கள் மூன்று ஷிஃப்டில் வேலை செய்கிறோம். காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடும் பணிமனைக்கு நாங்கள் லீவு போட்டால்தான் வர முடியும். மார்ச் கடைசி வாரத்தில் எங்களுக்கு லீவு கிடைக்காததற்குக் காரணமும் உங்கள் லைன்தான். இந்தச் சாலையில் ஒரு பணிமனையிலாவது, ஒரு சர்வீஸ் பே-யாவது, இரவு பத்து மணி வரை திறந்திருக்கட்டும்.

எல்லாவற்றையும் நாளைக்கே செய்யச் சொல்லவில்லை. புதிய பாகம் ஒன்றை ஏற்றுக்கொள்ளுமுன் எங்களிடம் முதலில் சின்ன அளவில் வார்த்துக் காட்டச் சொல்வீர்கள் அல்லவா, அதுபோல ஒரு பணிமனையில், மூன்று மாதம் செய்து பாருங்கள். இழுத்து வரப்பட்ட வண்டிகள் எத்தனை நாளில் ஓடிப் போயின என்று எழுதி, எங்கள் டெலிவரி ரேட்டிங்கை உங்கள் சுவரில் ஒட்டுவது போல அதையும் ஒட்டுங்கள். சுவரில் ஏறிய எண் தானாகத் திருந்தும் என்பதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களே நீங்கள்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915 எனக்குத் தெரியும். அந்த வாரம் இரண்டு முறை அதை அழுத்தப் பார்த்து வைத்துவிட்டேன். அழைத்திருந்தால் என் ஒரு ஜாப் கார்டுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அடுத்த திங்கட்கிழமை அதே சாலையில் நிற்கப்போகிற வண்டிக்கு எதுவும் கிடைத்திருக்காது. அந்த வண்டிக்காகத்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

அன்று மழையில் டூவீலரில் பெட்டி கட்டிக்கொண்டு வந்த இரண்டு பையன்களையும் உங்கள் கேட்டில் யாரும் பெயர் கேட்கவில்லை. பெட்டியை எண்ணி வாங்கிக்கொண்டு, ரசீதில் சீல் வைத்து அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் போன வருடம் தவணையில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார், உங்களில் ஒருவருடைய தயாரிப்பு. அது ஒருநாள் வழியில் நிற்கும். அன்றைக்கு நீங்கள் அவருக்காக ஓடி வர வேண்டும். அவர் உங்களுக்காக ஓடி வந்ததில் பாதி வேகம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்குப் பாகம் சோதித்து அனுப்பும் ஒருத்தி
படப்பை